புதிய ஆற்றுப்படை

பத்துப்பாட்டு என்னுந் தொகுதியிலே ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை. பயன்பெற்று மீளும் ஒருவன், அப்பயனை நாடி எதிர்வரும் மற்றொருவனைக் கண்டு, தான் சென்ற வழியையும் அடைந்த பேற்றையும் எடுத்துரைத்து அவனையும் அவ்வழியே செலுத்துதல் அவ்வகையின் அமைப்பாகும். அவற்றுள் மலைபடுகடாம் வழியின் இயல்பைக் கூறுவதிலே மிக விரிவுடையது. நன்னனை நாடிச் செல்லுங் கூத்தர்க்கு, எங்கே பன்றிக்கு வைத்த பொறி உளது, எங்கே பாம்பு உறையுங் குழி உளது, எவ்விடத்திலே புனங்காப்போர் யானையை ஓட்ட எறியுங் கவண்கல் வந்து விழும் என்பனவெல்லாம் அதிலே முன்னெச்சரிக்கையாகக் கூறப்படுகின்றன. கூறுவோன் அவ்வழியே அண்மையிற் போய் மீண்டவன். அவன் சொல்லுக்கு மதிப்பு ஏற்படுவது அதனாலேயே.

இக்காலத்திலே கந்தோருக்கும் கல்லூரிக்கும் காலைதோறுஞ் செல்வோர் தம் கைத்தொலைபேசியிடம் வழி வினாவுகின்றனர். விடை கூறுவது யந்திரம்போலத் தோன்றினும், உண்மையிலே விடை கூறுவோர் அதே வீதியிற் சில நிமிடங்களுக்கு முன்னே சென்ற பிற பிரயாணிகளே. முன்னே போனவன் பின்னே வருபவனுக்கு வழியின் ஏதங்களை அறிவித்தல் என்ற அளவிலே இதனைப் புதியதோர் ஆற்றுப்படை எனல் பொருந்தும். ஆயினும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. கூத்தர் நூற்றுவர் சென்றாலும் வள்ளலின் கொடை குன்றாது என்பது புலவர் கொள்கை. வீதியோ, ஒருவர் கூடுதலாகச் சென்றால் அவ்வளவுக்குக் குறைபடும் பொருள். நல்வழியைப் பலர்க்கு உரைத்த அக்கணமே அது நல்வழியாக இருத்தல் ஒழியவுங் கூடும். இவ்வேற்றுமையால் விளையுஞ் சிக்கல்களையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

வீதி நிலையைப் பொதுமக்களுக்கு அறிவிக்கும் முயற்சி புதியதன்று. 1950 களின் பிற்பகுதியிலேயே அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் வானொலி நிலையத்தார் ஹெலிகொப்டரிலிருந்து நெரிசலைப் பார்த்து அறிவித்து வந்தனர். ஆயின் வானத்திலிருந்து நோக்குபவருக்குப் பெருவீதிகளே தெரியும்; அவர் கூறுவதும் எல்லார்க்கும் ஒரே செய்தியாகவே இருக்கும். இந்நிலையை மாற்றியது கைத்தொலைபேசியாகும். 2006 ஆம் ஆண்டில் இஸ்ரேலிலே எஹுட் ஷப்டாய் என்பவர், தன்னார்வலர் கூடி இலவசமாக வரைபடம் ஆக்கும் முயற்சி ஒன்றைத் தொடங்கினார். 2008 இல் அது ஒரு வணிக நிறுவனமாகிப் பின்னர் வேஸ் என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. 2013 இல் கூகிள் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. கூகிளோ 2007 இலேயே தன் வரைபடத்தில் அமெரிக்க நகர வீதிகளை நெரிசலுக்கேற்பப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனக் காட்டத் தொடங்கியிருந்தது. 2009 இலிருந்து அந்நிறங்களுக்குரிய தரவுகளைப் பிரயாணிகளின் தொலைபேசிகளிலிருந்தே திரட்டலாயிற்று.

இதன் தொழிற்பாடு எளிதில் விளங்கத்தக்கது. செய்மதிகளின் சமிக்ஞையைக் கொண்டு தொலைபேசி தான் இருக்கும் இடத்தை அறிகின்றது. சிறிது நேரத்தின் பின் மீண்டும் அறிகின்றது. இரண்டிடங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை நேரத்தாற் பிரிக்க வேகம் கிடைக்கின்றது. ஒரே வீதியிலுள்ள பல தொலைபேசிகள் மெதுவாக நகருமாயின் அவ்வீதி நெருக்கடியில் உளது என்பது முடிபு. இங்கே மாணவர் கவனிக்கவேண்டிய நுட்பங்கள் சில உள. ஒரு பஸ்வண்டியினுள் ஐம்பது தொலைபேசிகள் இருப்பின் அவற்றை ஐம்பது மோட்டார் வண்டிகள் எனக் கொள்ளலாகாது. நடைபாதையிலே நடப்பவரையும் நெரிசலில் ஊர்பவரையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். அன்றியும், தொலைபேசிகள் அதிகஞ் செல்லாத ஒழுங்கைகளைப் பற்றி அதற்கு அறிவு குறைவு. ஆகவே வரைபடத்திற் சிவப்பு இல்லாமையை வழி வெறுமையாக இருப்பதற்குச் சான்றாக எப்பொழுதும் எடுத்துக்கொள்ளல் இயலாது.

வீதிகளின் நிலை தெரிந்தபின் வழியைத் தெரிதல் கணிதத்தின் பாற்பட்டது. ஒல்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956 இல் அம்ஸ்ரடாம் நகரக் கோப்பிக்கடை ஒன்றின் முன்றிலிலே இருந்து, காகிதமும் பென்சிலும் இன்றி இருபது நிமிடங்களில் இதற்கொரு முறையைக் கண்டார் என அவரே பிற்காலத்திற் கூறியுள்ளார். அதனை மூன்று பக்கங்களேயுள்ள கட்டுரையாக அவர் வெளியிட்டது 1959 இலே. புறப்படும் இடத்திலிருந்து மிக விரைவில் அடையத்தக்க சந்தியை முதலிற் குறித்துக்கொள்க. அதிலிருந்து செல்லும் வீதிகளைச் சேர்த்து, இனி எஞ்சியவற்றுள் மிக விரைவில் அடையத்தக்க சந்தியைக் குறிக்க. இவ்வாறே சேரிடம் குறிக்கப்படும்வரை செய்க. இதுவே அதன் சாரம். இன்றைய செயலிகள் இதனினும் விரைவான முறைகளைக் கையாளினும் அடிப்படை இதுவே. தூரத்தின் இடத்திலே நேரத்தை வைத்துக் கணித்தால், மூன்று மைல் சுற்றிச் செல்லும் வழி ஒரு மைல் நேர்வழியை வென்றுவிடுதலுங் கூடும்.

சமூக ஊடகங்களின் பணி இதனின் வேறானது. முகநூலிலும் முன்னர் டுவிட்டர் எனப்பட்ட தளத்திலும், ஒரே வழியே நாடோறுஞ் செல்வோர் கூடியமைத்த வட்சப் குழுக்களிலும் மக்கள் தாம் கண்டதைச் சொல்லாலும் படத்தாலும் அறிவிக்கின்றனர். வரைபடம் காட்டுவது விளைவை மட்டுமே. காரணத்தைப் பெரும்பாலும் மனிதனே கூறவேண்டும். மரம் முறிந்து வீழ்ந்ததா, ஊர்வலம் செல்கின்றதா, வெள்ளம் பாய்கின்றதா என்பது தெரிந்தால் அத்தடை பத்து நிமிடத்தில் நீங்குமா, பகல் முழுவதும் நீடிக்குமா என்பதை நாமே ஊகிக்கலாம். ஆயின் இச்செய்திகளுக்கு ஒரு குறையும் உண்டு. தடை ஏற்பட்டதை அறிவிப்பார் பலர். நீங்கியதை அறிவிப்பார் அரியர். காலை ஏழு மணிக்கு எழுதப்பட்ட செய்தி ஒன்பது மணிக்கும் கைமாறிக்கொண்டிருக்கும். செய்தி எழுதப்பட்ட நேரத்தைப் பார்த்த பின்னரே அதனை நம்புதல் நன்று.

எல்லா நெரிசலுக்கும் காரணம் இருக்கவேண்டும் என்பதுமில்லை. சுகியாமா என்னும் பௌதிகவியலாளரும் அவருடைய கூட்டத்தினரும் 2008 இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையை இங்கே எடுத்துக்காட்டலாம். யப்பானிலே 230 மீற்றர் சுற்றளவுள்ள ஒரு வட்டப்பாதையில் 22 மோட்டார் வண்டிகளைச் சம இடைவெளியில் நிறுத்தி, யாவரும் ஒரே வேகத்திற் செல்லுமாறு கூறினர். சந்தியில்லை, விளக்கில்லை, விபத்துமில்லை. எனினும் சற்று நேரத்தில் ஒரு சாரதி சிறிது தளர, பின்னுள்ளவர் அதனினும் சிறிது கூடுதலாகத் தளர, அவ்வாறே பெருகி ஒரு கூட்டம் முற்றாக நின்றுவிட்டது. அத்தேக்கம் ஓர் அலைபோல வண்டிகள் செல்லுந் திசைக்கு எதிராக மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீற்றர் வேகத்திற் பின்னோக்கி நகர்ந்தது. வீதியிலே நெடுநேரம் நின்று, பின் நகர்ந்து, தடையாக எதனையும் காணாது வியப்புற்றவர்கள் இவ்வலையினூடே சென்றவர்களாக இருக்கலாம்.

இனிப் பொய்யுரைப்பாரைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்துத் தக்கோமா பார்க் என்னும் ஊரிலே, தம் அமைதியான வீதியிற் செயலியின் சொற்கேட்டு வண்டிகள் வந்து நிறைவதைப் பொறாத ஒருவர், அங்கே விபத்து நேர்ந்ததாக வேஸ் செயலிக்குப் பலமுறை பொய்ச்செய்தி அனுப்பினார். இரு வாரங்களின் பின் செயலி அவரைக் கண்டுபிடித்து விலக்கிவிட்டது. விபத்து என்று சொல்லப்பட்ட இடத்தூடே பிறருடைய தொலைபேசிகள் தடையின்றிச் செல்வதை அது அறிந்தமையே காரணமாம். 2016 இல் இச்செய்தி வெளியாயிற்று. ஆனால் 2020 இல் பேர்ளின் நகரக் கலைஞர் சைமன் வெக்கேட் செய்தது இதற்கு மறுதலை. அவர் பழைய கைத்தொலைபேசிகள் 99 ஐ ஒரு சிறு கைவண்டியில் இட்டு வெறுமையான வீதியில் மெல்ல இழுத்துச் செல்ல, கூகிள் வரைபடத்திலே அவ்வீதி சிவப்பாயிற்று. வாயாற் சொல்லும் பொய்யை யந்திரம் பிடித்துவிட்டது. நடையாற் சொன்ன பொய்யை நம்பிவிட்டது.

பொய்யினும் பெரிய சிக்கல் மெய்யினால் விளைவது. நியூ யோர்க் நகரின் மன்ஹற்றன் தீவுக்குச் செல்லும் ஜோர்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு அருகே, நியூ ஜேர்சி மாநிலத்தில் லியோனியா என ஒரு சிற்றூர் உளது. சனத்தொகை ஏறக்குறைய 9,000. பாலத்துக்குரிய பெருவீதி நிறைந்தபொழுதெல்லாம் செயலிகள் சாரதிகளை இவ்வூரின் உள்வீதிகளுக்குத் திருப்பின. தம் வீட்டு வாயிலிலிருந்து வண்டியை வெளியே எடுக்கவும் முடியவில்லை என ஊரவர் முறையிட்டனர். 2018 ஜனவரியிலே ஊராட்சி மன்றம் ஏறக்குறைய 60 வீதிகளைக் காலை 6 மணி முதல் 10 மணி வரையும் மாலை 4 மணி முதல் 9 மணி வரையும் வெளியூரார்க்கு மூடிவிட்டது. ஊரவர் தம் வண்டியில் மஞ்சள் அட்டை ஒன்றைத் தொங்கவிட வேண்டும்; அஃதின்றி நுழைவோருக்கு 200 டொலர் தண்டம். வீதிகள் அமைதியுற்றன. ஆயின் அவ்வூர்க் கடைக்காரர் வாடிக்கையாளரை இழந்தனர். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், மாநிலப் போக்குவரத்துப் பகுதியின் அனுமதி பெறப்படவில்லை எனக் கூறி நீதிமன்றம் அவ்விதிகளைச் செல்லாதனவாக்கிற்று. மன்றம் விதிகளைத் திருத்தி மீண்டும் இயற்றிற்று.

இங்கே யார் பக்கம் நியாயம் உளது? பொது வரியால் அமைந்த வீதி யாவர்க்கும் உரியது என்பார் கூற்றிலே உண்மை உண்டு. சிறுவர் விளையாடுதற்கும் முதியோர் நடத்தற்கும் ஏற்ற அளவிலே அமைத்த ஒழுங்கையைப் பெருவீதியாக மாற்றும்பொழுது அங்கே வாழ்வோரிடம் ஒருவரும் கேட்கவில்லை என்பதிலும் உண்மை உண்டு. எமது எண்ணம் பின்னவர் பக்கமே சாய்கின்றது. ஏனெனில் சாரதி இழப்பது நிமிடங்கள். குடியிருப்போர் இழப்பது நாடோறும் அனுபவிக்கும் அமைதியும் காவலும். லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் எக்கோ பார்க் என்னும் பகுதியிலுள்ள பக்ஸ்ரர் வீதி நூற்றுக்கு 32 என்னும் சரிவுடையது. குறுக்குவழியென்று செயலி காட்ட, அவ்வேற்றத்துக்குப் பழகாதவர்கள் மழைநாளில் வழுக்கி வீட்டு மதில்களில் மோதினர். 2018 இல் நகராட்சி அதன் ஒரு பகுதியை ஒருவழிப் பாதையாக்க நேர்ந்தது. அதே நகரிலே 2017 டிசெம்பரிற் காட்டுத்தீ பரவியபொழுது, வழிகாட்டுஞ் செயலிகளை நம்பவேண்டாமென்று பொலிசார் சாரதிகளை வேண்டிக்கொண்டனர். மக்கள் நீங்கிய வீதிகளில் வண்டிகள் இல்லை. வண்டிகள் இல்லாமையால் அவை நல்ல வழிகளெனச் செயலிக்குத் தோன்றின. நெருப்பு அதற்குத் தெரியவில்லை. கவண்கல்லையும் பாம்பையும் கண்டு கூறிய பழைய வழிகாட்டியை இவ்விடத்திலே நினையாதிருத்தல் எமக்கு இயலவில்லை.

தனித்தனியே ஒவ்வொருவரும் தமக்கு விரைவான வழியைத் தெரிந்தால் யாவர்க்கும் நன்மை விளையும் என்று எண்ணுதல் இயல்பு. இவ்வெண்ணம் தவறென்பதைக் கணிதம் காட்டுகின்றது. இங்கிலாந்திலே வீதி ஆராய்ச்சிச் சாலையைச் சார்ந்த வார்ட்றொப் 1952 இல் இரு நிலைகளை வேறுபடுத்தினார். ஒருவரும் வழியை மாற்றுவதாற் பயன்பெற முடியாத நிலை ஒன்று. யாவருடைய நேரமும் சராசரியிலே மிகக் குறைந்திருக்கும் நிலை மற்றொன்று. இரண்டும் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை. 1968 இல் ஜேர்மன் கணிதவியலாளர் டீற்றிச் பிறேஸ் இதனினும் வியப்பான ஒன்றை நிறுவினார். புதிய வழியொன்றைத் திறப்பதாலேயே யாவரும் தாமதமடையக்கூடும் என்பது அது. மாணவர் தாமே சரிபார்த்துக்கொள்ளுமாறு ஒரு சிறு கணக்காக அதனைத் தருகின்றோம்.

அ என்னும் ஊரிலிருந்து ஈ என்னும் ஊருக்குக் காலையில் 1,000 வண்டிகள் செல்கின்றன என்க. ஆ வழியாகச் செல்பவர் முதலில் ஒரு குறுகிய பாலத்தையும் பின் ஓர் அகன்ற வீதியையும் கடப்பர். இ வழியாகச் செல்பவர் முதலில் அகன்ற வீதியையும் பின் மற்றொரு குறுகிய பாலத்தையும் கடப்பர். அகன்ற வீதிக்கு எத்தனை வண்டிகள் வரினும் 22 நிமிடம். பாலத்துக்கோ, அதிற் செல்லும் வண்டிகள் ஐம்பதுக்கு ஒரு நிமிடம். ஐந்நூறு ஐந்நூறாகப் பிரிந்து செல்வாராயின் ஒவ்வொருவருக்கும் பாலத்தில் 10, வீதியில் 22, ஆக 32 நிமிடம். இப்பொழுது ஆ விலிருந்து இ க்கு ஒரு நிமிடத்திற் கடக்கத்தக்க ஒழுங்கை ஒன்றைச் செயலி கண்டுபிடிக்கின்றது. முதலில் அவ்வழியே செல்பவர் இரு பாலங்களையும் ஒழுங்கையையும் 21 நிமிடத்திற் கடந்து மகிழ்வர். செய்தி பரவும். யாவரும் அவ்வழியே திரும்பியபின் முதற் பாலத்தில் 20, ஒழுங்கையில் 1, இரண்டாம் பாலத்தில் 20, ஆக 41 நிமிடம். அப்படியாயிற் பழைய வழிக்கு மீளலாமே எனின், தனியொருவர் மீண்டால் அவருக்கு 20 உம் 22 உமாக 42 நிமிடமாகும். ஆதலின் ஒருவரும் மீளார். குறுக்குவழி கண்டதன் பயன், யாவர்க்கும் நாடோறும் ஒன்பது நிமிட நட்டம். செயலி எவருக்கும் பொய் கூறவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளும் மெய்யே கூறிற்று.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 1990 ஏப்ரில் 22 ஆம் தேதி புவிநாளை முன்னிட்டு நியூ யோர்க்கிலே 42 ஆம் வீதி மூடப்பட்டது. பெருங் குழப்பம் விளையும் என அஞ்சப்பட்டது. நேர்ந்ததோ, அயல் வீதிகளில் நெரிசல் வழக்கத்திலுங் குறைந்தமை.

அவ்வாறாயின் இச்செயலிகளைக் கைவிடவேண்டுமா? வேண்டியதில்லை என்பதே எமது துணிபு. ஆயின் அவற்றிடம் கேட்கும் வினாவை மாற்றுதல் நன்று. எவ்வழியே செல்வது என வினாவுதலிலும் எப்பொழுது புறப்படுவது என வினாவுதல் பயன் மிக்கது. கொழும்பிலே காலி வீதி நிறைந்தால் அதற்கு ஒருபுடையே செல்லும் வேறு வீதிக்கு வண்டிகள் திரும்புதல் இயல்பு. செயலி அதனைக் கண்டு சொல்வதற்குள் ஆயிரவர் அதனைக் கண்டிருப்பர். நேரத்தை அரைமணி முன்னாகவோ பின்னாகவோ மாற்றிக்கொள்பவர் பிறருடைய ஒழுங்கையிற் புகுவதில்லை. அவர் நீங்கியதால் நெரிசலும் அவ்வளவுக்குக் குறையும். கடலோரமாகச் செல்லும் புகையிரதத்துக்கோ வழி மாற்றும் கவலையே இல்லை. வழியைப் புறப்படுமுன் பார்த்துக்கொள்ளல் வேண்டும் என்பதைச் சொல்லவுந் தேவையில்லை. கைத்தொலைபேசியைக் கையிற் பிடித்தபடி வண்டி செலுத்துதல் இந்நாட்டிலே தண்டனைக்குரிய குற்றம்.

தனியார் தெரிவால் தீராததை அரசாங்கங்கள் கட்டணத்தாலும் விதியாலும் தீர்க்க முயன்றுள்ளன. சிங்கப்பூர் 1975 இலேயே நகர நடுப்பகுதியுள் நெருக்கடி வேளையில் நுழையும் வண்டிகளுக்குக் கட்டணம் விதித்தது. இலண்டன் 2003 இல் அதனைப் பின்பற்றிற்று. நியூ யோர்க்கிலே மன்ஹற்றனின் தென்பகுதிக்கு 2025 ஜனவரி 5 ஆம் தேதி இத்தகைய கட்டணம் தொடங்கியது. இத்தகைய விதிகள் பயன்தருகின்றனவா என்பதை அளந்தறிய, நெரிசலிலிருந்து தப்புவதற்கென எழுந்த அதே செயலி இன்று உதவுகின்றது. இந்தோனேசியாவின் தலைநகரான ஜகார்த்தாவிலே, நெருக்கடி வேளையில் முக்கிய வீதிகளிற் செல்லும் தனியார் மோட்டார் வண்டியில் மூவரேனும் இருத்தல் வேண்டும் என நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. வீதியோரத்திலே நின்று, கூலி பெற்று மூன்றாமவராக ஏறிச்செல்லும் தொழிலும் அதனால் உண்டாயிற்று. பயனற்ற விதி எனப் பலரும் நகைத்தனர். 2016 இல் அரசாங்கம் அதனை நீக்கிற்று. ஆராய்ச்சியாளர் மூவர் கூகிள் வரைபடத்தை இடைவிடாது வினாவி, விதி நீங்குமுன்னும் நீங்கிய பின்னும் பிரயாண நேரத்தைக் குறித்துவந்து, 2017 இல் முடிவை வெளியிட்டனர். ஒரு கிலோமீற்றரைக் கடக்கக் காலையில் 2.1 நிமிடமாக இருந்தது 3.1 ஆகவும், மாலையில் 2.8 நிமிடமாக இருந்தது 5.3 ஆகவும் உயர்ந்துவிட்டது. அவ்விதி ஒருபொழுதும் செல்லாதிருந்த பிற வீதிகளிலும் நெரிசல் மிகுந்திருந்தது.